சுருக்கினும் குறையாத செய்தி

சென்ற தவணையின் இறுதி வாரம். பாடசாலை விட்டபின் ஆசிரியர் அறையில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்று, "சேர், ஒரு சந்தேகம்" என்றான். கணித பாடத்திற் சந்தேகம் போலும் என்று எண்ணி உள்ளே அழைத்தேன். அவன் கேட்டது வேறு.

அவனுடைய அம்மம்மாவின் காணி உறுதி மிகப் பழையது. மடிப்புகளிற் கிழியத் தொடங்கிவிட்டது. அதனைப் படமாக்கிக் கணினியிற் சேமித்து, கனடாவிலுள்ள மாமாவுக்கும் ஒரு பிரதி அனுப்பும் பொறுப்பை வீட்டார் இவனிடம் ஒப்புவித்திருக்கின்றனர். படங்கள் பெரியனவாக இருந்தமையால் மின்னஞ்சலிற் செல்லவில்லை. "சுருக்கி அனுப்பு" என்று எவரோ யோசனை சொல்லியிருக்கின்றார். அதற்கு வெள்ளோட்டமாக, தன் தமிழ்ப் பாடக் குறிப்புகள் அடங்கிய கோப்பொன்றை முதலிற் சுருக்கிப் பார்த்தானாம். அது ஏறக்குறைய நாலிலொரு பங்காய்க் குறைந்துவிட்டது. அங்கேதான் அவனுக்கு அச்சம் பிறந்தது.

"மிச்சம் முக்காற் பங்கும் எங்கே போனது, சேர்? உறுதியிலும் அப்படி ஏதும் போய்விடுமோ?"

நல்ல கேள்வி. இடம்பெயர்ந்த காலத்தில் மூலப் பத்திரங்களைப் பறிகொடுத்துவிட்டு, பிரதியொன்றையே ஆதாரமாக வைத்திருக்கும் குடும்பங்கள் எமது ஊர்களிற் பல உண்டு. அவர்களுக்குப் பிரதியில் ஓர் இலக்கம் மாறுவது சிறு விடயமன்று. ஆதலின் அம்மாணவனுக்குச் சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

இடாப்புத் தரும் பாடம்

எமது வகுப்பில் நாற்பது மாணவர். காலையில் இடாப்புக் கூப்பிட்டபின் அலுவலகத்துக்கு அனுப்பும் துண்டில் நாற்பது பெயர்களையும் எழுதுவதில்லை. "12, 31 வரவில்லை" என்று மட்டும் எழுதுகிறோம். அச்சிறு துண்டைக் கொண்டே அலுவலகத்திலுள்ளவர் நாற்பது பேரின் வரவையும் ஒருவர் தவறாமற் பதிந்துவிடுவார். முப்பத்தெட்டுப் பேரைப் பற்றிய செய்தியை நாம் எறிந்துவிட்டோமா? இல்லை. எழுதாமலே அறியத்தக்கதை எழுதாது விட்டோம், அவ்வளவே.

இது கைகூடுவதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, பெரும்பாலோர் தவறாது வருகின்றனர் என்னும் ஒழுங்கு. மற்றொன்று, எம்மிடமுள்ள அதே பெயர்ப் பட்டியல் அலுவலகத்திலும் இருக்கின்றமை. வகுப்பிற் பாதிப்பேர் வராத நாளில் எமது துண்டும் நீண்டுவிடும். அலுவலகத்திலுள்ள பட்டியல் மாறிவிட்டாலோ, 12 என்பது வேறொரு பிள்ளையைக் குறிக்கும். தரவுகளைச் சுருக்கும் கலை முழுவதும் இவ்விரண்டு உண்மைகளுள் அடங்கும்: ஒழுங்கு எவ்வளவு உண்டோ அவ்வளவே சுருக்கம், சுருக்குபவனும் விரிப்பவனும் ஒரே விதியைக் கைக்கொண்டாலன்றி நம்பிக்கையில்லை.

அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி

ஒழுங்குகளுள் எளியது, சில குறிகள் அடிக்கடியும் சில அரிதாயும் வருதல். தந்தி தோன்றிய காலத்திலேயே இதனைப் பயன்படுத்தினர். மோர்ஸ் குறியீட்டில் ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் 'ஈ' எழுத்துக்கு ஒரு புள்ளி போதும். 'ரீ' எழுத்துக்கு ஒரு கோடு. அரிதாக வரும் 'கியூ' எழுத்துக்கோ நான்கு குறிகள் வேண்டும். அச்சுக்கூடத்தில் எவ்வெழுத்துக்கு எத்தனை அச்சுகள் வைத்திருக்கின்றனர் என்று எண்ணிப் பார்த்தே இதனை வகுத்தனர் என்பர்.

இம்முறைக்குக் கணித முழுமை அளித்தவர் மாணவர் ஒருவர். 1951இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் ரொபேட் ஃபானோ தம் மாணாக்கருக்கு ஒரு தெரிவு வழங்கினார்: இறுதிப் பரீட்சை எழுதலாம், அன்றேல் ஒரு கட்டுரை எழுதலாம். மிகச் சிக்கனமான குறியீட்டைக் காண்பது எப்படி என்பது கட்டுரைக்குரிய பொருள்களுள் ஒன்று. டேவிட் ஹஃப்மன் என்னும் மாணவர் கட்டுரையைத் தேர்ந்து மாதக்கணக்காக முயன்றார். வழி புலப்படாமையால், குறிப்புகளை எறிந்துவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கலாம் என்று எழுந்த வேளையிலே விடை தோன்றியது. மிக அரிதாக வருவன இரண்டையும் முதலில் ஒன்றாகக் கட்டு. அக்கட்டினை ஒரே பொருளாகக் கொண்டு மீண்டும் அவ்வாறே செய்க. பேராசிரியரும் காணாத சிறந்த வழி அது. 1952இல் வெளியான அக்கட்டுரையின் முறை இன்றும் எம் கைத்தொலைபேசியினுள்ளே தொழிற்படுகின்றது.

நூறு நாட்களின் வானிலையைக் குறிக்க வேண்டும் என்று கொள்வோம். வெயில் 80 நாள், மேகம் 10 நாள், மழை 5 நாள், புயல் 5 நாள். நான்கு நிலைகளுக்கும் இவ்விரு பிற்றுகளாற் சம நீளக் குறி கொடுத்தால், நூறு நாட்களுக்கு 200 பிற்றுகள் வேண்டும். ஹஃப்மன் முறையில் வெயிலுக்கு 0, மேகத்துக்கு 10, மழைக்கு 110, புயலுக்கு 111. கூட்டிப் பாருங்கள்: 80 உம் 20 உம் 15 உம் 15 உமாக 130 பிற்றுகளே வரும். எந்தக் குறியும் மற்றொரு குறியின் தொடக்கமாக அமையாமையால், இடையில் இடைவெளி விடாது தொடர்ந்தெழுதினும் மயக்கம் நேராது. நூறு நாட்களும் ஒன்று பிசகாமல் மீளும்.

முன்னே சொன்னதைச் சுட்டுதல்

இரண்டாவது ஒழுங்கு, மீண்டும் மீண்டும் வருதல். 1977இல் இஸ்ரேல் நாட்டு அறிஞர்களான ஏபிரகாம் லெம்பெல், யாக்கோப் ஸிவ் என்போர் இதற்கொரு முறையை வெளியிட்டனர். முன்னே வந்த தொடர் ஒன்று திரும்ப வருமாயின் அதனை மறுபடி எழுத வேண்டுவதில்லை. "இத்தனை குறிகள் பின்னே சென்று, இத்தனை குறிகளைப் பிரதி செய்க" என்று இரண்டு எண்களாற் சுட்டினாற் போதும். பெரிய அகராதி எதனையும் கோப்போடு சேர்த்து அனுப்ப வேண்டுவதில்லை. விரிப்பவன் அதுவரை விரித்த பகுதியே அவனுக்கு அகராதியாகின்றது. 'ஸிப்' என்று நாம் வழங்கும் கோப்புகளிற் பெரும்பாலானவை இம்முறையையும் ஹஃப்மன் முறையையும் சேர்த்து ஆக்கப்படுவன.

மாணவனின் தமிழ்க் குறிப்புகள் அவ்வளவு குறைந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. இன்று பெரிதும் வழங்கும் யுனிக்கோட் வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைற்றுகள் கொள்ளும். 'தமிழ்' என்னும் மூன்றெழுத்துச் சொல்லிலே விசிறியும் புள்ளியும் தனிக் குறிகளாதலின், குறிகள் ஐந்து, பைற்றுகள் பதினைந்து. ஆனால் தமிழ்க் குறி எதுவாயினும் அதன் முதற் பைற்று 224 என்னும் எண்ணே. இரண்டாவது 174 ஆக இருக்கும், அல்லது 175 ஆக இருக்கும். புதிய செய்தி பெரும்பாலும் மூன்றாவது பைற்றிலேயே உள்ளது. ஆகவே அவனுடைய முக்காற் பங்கு எங்கும் போகவில்லை. அதிற் பெரும்பகுதி முன்னரே சொன்னதைத் திரும்பச் சொன்னது.

வேறுபாட்டை மட்டும் சொல்லுதல்

மூன்றாவது ஒழுங்கு, அடுத்தடுத்து வருவன பெரிதும் மாறாமை. இதன் பயனைக் காட்டச் சிறந்த சான்று வானிலே உண்டு. 1977 ஓகஸ்ட் 20ஆம் திகதி ஏவப்பட்ட வொயேஜர் 2 விண்கலம் வியாழனையும் சனியையும் கண்டபின் 1986 ஜனவரி 24ஆம் திகதி யுறேனஸ் கோளை அண்மித்தது. யுறேனஸ், சனியைப்போல ஏறக்குறைய இருமடங்கு தூரத்திலுள்ளது. தூரம் இரட்டித்தால் வந்துசேரும் சமிக்ஞையின் வலு நாலிலொன்றாகும். அதன் ஒரு படமோ 800 வரிகள், வரிக்கு 800 புள்ளிகள், புள்ளிக்கு 8 பிற்றுகள். மொத்தம் 51 இலட்சத்து 20 ஆயிரம் பிற்றுகள். கலம் கோளைக் கடந்து செல்லும் வேளையோ சில மணித்தியாலங்களே. அனுப்ப முடியாத படம் எடுக்காத படமே.

நாசா விஞ்ஞானிகள் பூமியிலிருந்தே கலத்தின் கணினிக்குப் புதிய கட்டளைகளை அனுப்பினர். ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் முழுமையாகச் சொல்லாதே. முந்திய புள்ளியிலிருந்து எவ்வளவு வேறுபட்டது என்பதை மட்டும் சொல் என்பது அதன் சாரம். கரிய வானிலும் மங்கிய கோளிலும் பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒத்திருக்கும். வேறுபாடு சிறிய எண்ணாகும். இதனாற் படமொன்றுக்கு வேண்டிய பிற்றுகள் நூற்றுக்கு அறுபதளவிற் குறைந்தன.

ஆனால் ஆதாயத்தோடு ஆபத்தும் வந்தது. ஒவ்வொரு புள்ளியும் முந்தியதைச் சார்ந்து நிற்பதால், வழியில் ஒரு பிற்று மாறினாலும் அவ்வரியில் எஞ்சிய பகுதி முழுவதும் பிழைபடும். சுருக்கிய செய்தி மெலிந்த செய்தி. ஒரு சிறு காயமும் அதற்குப் பெரிதாகும். ஆகையால் ரீட்-சொலமன் என்னும் பிழைதிருத்தும் குறியீட்டைக் கூடவே பயன்படுத்தினர். ஒருபுறம் வேண்டாத திரும்பச் சொல்லலை நீக்கி, மறுபுறம் வேண்டிய அளவு காவலைச் சேர்த்தனர். நம்பத்தக்க சுருக்கத்துக்கு இவ்விரண்டும் வேண்டும்.

இதே அறிவு உயிரியலிலும் பயன்படுகின்றது. மனிதனின் மரபணுத் தொகுதி நான்கு எழுத்துக்களால் எழுதப்பட்ட ஏறக்குறைய 300 கோடி எழுத்து நீளமான நூல். எழுத்துக்கு இரண்டு பிற்றுகள் என்று எழுதினாலும் ஏறத்தாழ 750 மெகாபைற்று ஆகும். ஆனால் இரு மனிதரின் நூல்கள் ஆயிரத்துக்கு ஓரெழுத்தளவிலேயே வேறுபடுவன. பொது நூல் ஒன்றை ஆதாரமாகக் கொண்டு, வேறுபடும் இடங்களை மட்டும் குறித்தால் என்ன? 2009இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் அவ்வாறு செய்து, டி.என்.ஏ. வடிவத்தைக் கண்ட இருவருள் ஒருவரான ஜேம்ஸ் வாட்சனின் மரபணுத் தொகுதியை ஏறக்குறைய 4 மெகாபைற்றாகச் சுருக்கிக் காட்டினர். மின்னஞ்சலில் அனுப்பத்தக்க அளவு அது. ஆயினும் அந்தப் பொது நூல் கையில் இல்லாதவனுக்கு அந்த 4 மெகாபைற்று ஒன்றும் சொல்லாது. பெயர்ப் பட்டியல் இல்லாத அலுவலகத்துக்கு "12, 31" சென்றது போலாகும்.

எல்லை ஒன்று உண்டு

"அப்படியானால், சுருக்கியதை மறுபடியும் மறுபடியும் சுருக்கலாமே, சேர்?" என்றான் மாணவன். செய்து பார்த்தானாம், இரண்டாம் முறை கோப்புச் சிறிது கூடியதன்றிக் குறையவில்லை. அதன் காரணத்தைக் கரும்பலகையில் மூன்று வரியிற் காட்டலாம்.

மூன்று பிற்று நீளமான செய்திகள் எட்டு உள்ளன: 000 முதல் 111 வரை. அவற்றினும் குறுகியவை எத்தனை? ஒரு பிற்றில் இரண்டு, இரண்டு பிற்றில் நான்கு, மொத்தம் ஆறு. எட்டுச் செய்திகளுக்கு ஆறு குறும்பெயர்களே இருக்குமாயின், எல்லாவற்றையும் குறைக்க முனைபவன் எங்கேனும் இரண்டு செய்திகளுக்கு ஒரே பெயரைச் சூட்ட நேரும். பின்னர் அப்பெயரைக் கண்டவன் எதனை மீட்பான்? ஆகவே எல்லாச் செய்திகளையும் குறைக்கும் முறை இல்லை, இருக்கவும் முடியாது. ஒழுங்குள்ளவை குறையும்; ஒழுங்கில்லாதவை குறையா. ஒரு மூலத்திலிருந்து வரும் செய்தியைச் சராசரியாக எவ்வளவுக்குமேற் சுருக்க இயலாது என்னும் எல்லையை 1948இல் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த குளோட் ஷனன் கணிதத்தால் நிறுவினார். நன்கு சுருக்கிய கோப்பில் ஒழுங்கெல்லாம் முன்னரே பயன்படுத்தப்பட்டுவிட்டமையால், மறுபடி சுருக்க ஒன்றும் எஞ்சுவதில்லை.

'ஏறக்குறைய ஒத்தவை' என்னும் ஆபத்து

இந்த எல்லையைக் கடக்க விரும்புவோர்க்கு வழியொன்றே உண்டு: செய்தியில் ஒரு பகுதியை உண்மையாகவே எறிந்துவிடுதல். ஜேபெக் என்னும் படமுறை அத்தகையது. கண் கூர்ந்து கவனியாத நுட்பங்களைத் தள்ளிவிட்டு எஞ்சியதைச் சுருக்கும். கலியாணப் படத்துக்கு அது போதும். மாலையில் ஓரிதழின் நிழல் மாறியதால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் இலக்கங்கள் நிறைந்த பத்திரத்துக்கு அளவுகோல் வேறு.

2013இல் ஜெர்மனியில் டேவிட் கிரீசல் என்னும் கணினி விஞ்ஞானி வெளியிட்ட செய்தி உலகெங்கும் பேசப்பட்டது. வீட்டு வரைபடம் ஒன்றைச் செரொக்ஸ் நிறுவனத்தின் ஸ்கானர் ஒன்றிற் கொடுத்தபொழுது, 14.13, 21.11, 17.42 சதுர மீற்றர் என்று குறிக்கப்பட்டிருந்த மூன்று அறைகளும் பிரதியில் 14.13 என்றே வந்தன. வேறு பத்திரங்களில் 6 என்பது 8 ஆயிற்று. இயந்திரத்தில் அமைந்திருந்த சுருக்கு முறை, பக்கத்தைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒத்த துண்டுகளுக்கு ஒன்றையே சேமித்து வைத்தது. முழுதும் ஒத்தவற்றை அவ்வாறு செய்தாற் குற்றமில்லை. ஏறக்குறைய ஒத்தவற்றையும் ஒன்றென்று கொண்டதே பிழை. எட்டுச் செய்திகளுக்கு ஆறு பெயர் சூட்டிய கதைதான் இதுவும். பின்னர் அந்நிறுவனம் பிழையை ஏற்றுக்கொண்டு, அதனைத் திருத்தும் மென்பொருளை வெளியிட்டது.

இதில் அஞ்சத்தக்கது யாதெனில், பிழை பிழையாகத் தோன்றாமை. மங்கிய எழுத்தைக் கண்டால் ஐயங்கொண்டு மூலத்தைத் தேடுவோம். இங்கேயோ மாறிய இலக்கம் தெளிவாக, அழகாக, அச்சிட்டாற்போல் நிற்கின்றது. ஐயத்துக்கு இடமளியாத பிழையே பெரும் பிழை. "3 பரப்பு 6 குழி" என்பது "3 பரப்பு 8 குழி" என்று தெளிவாக வந்துவிட்டால், நாற்பது ஆண்டுகளின் பின் அதனை வாசிக்கும் பேரப்பிள்ளைக்கு மெய் எது என்று எடுத்துரைப்பார் யார்?

வீட்டுக்கு ஒரு விதி

மாணவனுக்கு நான் சொன்னவை இவை. உறுதியைப் புதிதாக ஸ்கான் செய்க. ஒன்றும் எறியாத பி.என்.ஜி. போன்ற முறையிற் சேமிக்க; 'சிறிய அளவு' என்று இயந்திரம் ஆசை காட்டினும் அதனைத் தெரிவு செய்யாதே. கோப்புப் பெரிதாயின் இரண்டு மூன்று மின்னஞ்சல்களிற் பிரித்து அனுப்பு. ஸிப் செய்வதற்கு அஞ்ச வேண்டாம். அதனுள்ளே ஒவ்வொரு கோப்புக்கும் 32 பிற்று நீளமான சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. விரித்தபின் கணினி அவ்வெண்ணைத் திரும்பக் கணித்து ஒப்புநோக்கும். வழியிற் சிதைவு நேர்ந்திருந்தால், அது தப்பிச் செல்வது ஏறக்குறைய 430 கோடியில் ஒருமுறையே.

ஆனால் அக்காவல் கோப்பு ஆனதன் பின்னர்தான் தொடங்குகிறது. ஸ்கானர் முதலிலேயே இலக்கத்தை மாற்றியிருந்தால், சரிபார்ப்பு எண் அந்தப் பொய்யையும் பத்திரமாகக் காத்து ஒப்புவிக்கும். ஆகவே ஒருமுறையேனும் மனிதன் வாசித்துப் பார்க்க வேண்டும்: உறுதி இலக்கம், திகதி, பரப்பு, குழி, நான்கு எல்லைகள்.

மறுவாரம் அவன் மீண்டும் வந்தான். கோப்புகள் கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டனவாம். ஞாயிற்றுக்கிழமை இரவு மாமா தொலைபேசியில் ஒவ்வோர் இலக்கமாக வாசிக்க, அம்மம்மா மேசையில் மூல உறுதியை விரித்து வைத்துக்கொண்டு விரலால் வரியைத் தொடர்ந்தாராம். எல்லாம் ஒத்திருந்தன.

"இனி அந்தப் பழைய உறுதியை என்ன செய்வது, சேர்?" என்று கேட்டான்.

"பத்திரமாக எடுத்து வை" என்றேன். "ஒப்புப் பார்க்க மூலம் இருக்கும்வரைதான் பிரதிக்கு மதிப்பு."